ரௌட்டர் இல்லாத வைஃபை

நேரடிக் கம்பியில்லா வலையமைப்பு என்பது, நடுவில் ரௌட்டர் எதுவும் இல்லாமல், கணினிகள் தங்களுக்குள் இருக்கும் வைஃபை ரேடியோவை மட்டும் வைத்து ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு. இரண்டு மடிக்கணினிகள் இருந்தால் போதும். இணையம் தேவையில்லை, செல்பேசிக் கோபுரம் தேவையில்லை. கரன்ட் போன மண்டபத்திலும் சிக்னலே எட்டாத மலைக் கிராமத்திலும் பேட்டரி இருக்கும்வரை அது ஓடும். கோப்புகளை மாற்றிக்கொள்ளவும், பிரின்டருக்கு நேராக அனுப்பவும், ஒரே அறையில் உட்கார்ந்து நாலு பேர் விளையாடவும், ஒரு கணினிக்குக் கம்பி வழியாக வரும் இணையத்தை மற்றவற்றுக்குப் பங்கிடவும் இது பயன்படுகிறது.

வீட்டிலும் அலுவலகத்திலும் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே எந்தக் கருவியும் இன்னொரு கருவியோடு நேரடியாகப் பேசுவதில்லை. ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மடிக்கணினிகளுக்கு இடையே ஒரு படம் போகவேண்டும் என்றாலும், அது முதலில் கூடத்தில் இருக்கும் ரௌட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருகிறது. ஒரே தகவல் காற்றில் இரண்டு தடவை பயணம் செய்வதால், கிடைக்கவேண்டிய வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். இந்த விரயத்தைக் குறைப்பதற்காகவே, ரௌட்டரோடு இணைந்திருக்கும்போதே இரண்டு கருவிகள் தங்களுக்குள் குறுக்குவழி போட்டுக்கொள்ள வகைசெய்யும் ஒரு திருத்தம் 2010ல் வைஃபை தரநிலையில் சேர்ந்தது.

விரயம் என்று தெரிந்தும் உலகம் ரௌட்டரை வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பல வேலைகளை அது செய்கிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடிகாரம் அதனிடம் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு முகவரி கொடுப்பதும், கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதும் அதுதான். பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிக்கொண்டிருக்கும் செல்பேசிக்கு வந்த செய்தியை வாங்கி வைத்திருந்து, அது விழிக்கும்போது கொடுப்பதும் அதன் வேலை. ரௌட்டரை எடுத்துவிடலாம், அந்த வேலைகளை எடுத்துவிட முடியாது. அவற்றை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் சொல்லப்பட்ட விடைகளே நேரடி வலையமைப்பின் வரலாறு.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985ல், உரிமம் இல்லாமலே யாரும் பயன்படுத்தலாம் என்று சில அலைவரிசைப் பட்டைகளைத் திறந்துவிட்டது. அவற்றில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை. மைக்ரோவேவ் அடுப்புகள் ஏற்கெனவே இரைச்சல் போட்டுக்கொண்டிருந்த இடம் என்பதால் மற்றவர்கள் அதை விரும்பவில்லை. அந்த வேண்டாத இடத்தில்தான் வைஃபை வளர்ந்தது. இந்தியாவில் இதே பட்டைக்கு உரிம விலக்கு 2005ல் வந்தது. ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் வரை இங்கே அனுமதி. மடிக்கணினியின் ரேடியோ இந்த வரம்பின் பக்கத்தில்கூட வருவதில்லை. அது உமிழ்வது பெரும்பாலும் 0.1 வாட் அல்லது அதற்கும் குறைவு. ஆகவே வீட்டுக்குள் நேரடி வலை அமைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

ஐ.இ.இ.இ. அமைப்பு 1997ல் வெளியிட்ட 802.11 என்ற தரநிலைதான் வைஃபையின் அடித்தளம். அதன் வேகம் அப்போது நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட். முதல் பதிப்பிலேயே இரண்டு முறைகளும் இடம்பெற்றன. ஒன்று, நடுவில் நிலையம் இருக்கும் முறை. மற்றது, எல்லாக் கருவிகளும் சம அந்தஸ்தில் இருக்கும் சுயேச்சை முறை. கணினித் துறையினர் இரண்டாவதை அட்-ஹாக் என்றே அழைத்தார்கள். ரௌட்டர்கள் விலை அதிகமாக இருந்த நாட்களில், இரண்டு வைஃபை அட்டைகளை வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது என்பது அட்-ஹாக் முறைக்குப் பெரிய கவர்ச்சி.

அப்படி ஒரு வலை பிறப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதல் கணினியில் பயனர் ஒரு பெயரைக் கொடுக்கிறார், ‘மாடியறை’ என்று வைத்துக்கொள்வோம். கணினி உடனே வலையைத் தொடங்கிவிடுவதில்லை. முதலில் ஒவ்வொரு சேனலாக மாறி மாறி, அதே பெயரில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கிறது. யாரும் இல்லையென்றால் ஒரு சேனலைப் பிடித்துக்கொள்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் முதல் சேனலின் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்த சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வருகின்றன. ஒவ்வொரு வலையும் ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்வதால், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பயன்படுத்துவதற்கு 1, 6, 11 ஆகிய மூன்றுதான் வழக்கமாக மிஞ்சுகின்றன.

அடுத்து, வலைக்கு ஓர் உள் அடையாள எண் வேண்டும். ரௌட்டர் இருந்தால் அதன் ரேடியோ எண்ணே வலையின் எண்ணாகிவிடும். இங்கே வலை யாருக்கும் சொந்தமில்லை, அதனால் 48 பிட் எண்ணில் 46 பிட்டுகளைக் கணினி குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறது. மீதி இரண்டு பிட்டுகள், இது எந்தத் தொழிற்சாலையும் பொறித்த எண் அல்ல என்பதையும் குழுவுக்கான எண் அல்ல என்பதையும் குறிக்கின்றன. 46 பிட் என்பது சுமார் 70 லட்சம் கோடி எண்களில் ஒன்று. அக்கம்பக்கத்தில் இரண்டு வலைகளுக்கு ஒரே எண் விழுவதற்கு வாய்ப்பில்லை என்றே சொல்லலாம்.

இதற்குப் பிறகு கணினி பீக்கன் எனப்படும் சிறு அறிவிப்பை நொடிக்கு ஏறக்குறைய 10 முறை ஒலிபரப்பத் தொடங்குகிறது. வலையின் பெயர், எண், சேனல், வேகங்கள், இப்போதைய நேரம் ஆகியவை அதில் இருக்கும். பக்கத்திலுள்ள கணினியின் வைஃபை பட்டியலில் ‘மாடியறை’ தெரிவது இந்த அறிவிப்பால்தான். இரண்டாவது கணினி சேருவதற்கு யாரிடமும் விண்ணப்பம் போடுவதில்லை. பெயரையும் எண்ணையும் சேனலையும் எடுத்துக்கொண்டு, தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டால் அதுவும் உறுப்பினர்.

இரண்டாவது கணினி வந்ததும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. பீக்கன் அனுப்பும் பொறுப்பு இனி முதல் கணினிக்கு மட்டும் உரியதல்ல. ஒவ்வொரு முறையும் எல்லோரும் சீட்டுக் குலுக்கியதுபோல் மைக்ரோ நொடிக் கணக்கில் ஒரு தற்செயலான நேரம் காத்திருக்கிறார்கள். யாருடைய காத்திருப்பு முதலில் முடிகிறதோ அவர் அறிவிப்பை அனுப்ப, அதைக் கேட்ட மற்றவர்கள் தங்கள் முறையை விட்டுக்கொடுக்கிறார்கள். இதனால், வலையைத் தொடங்கிய கணினியை அணைத்துவிட்டு அதன் உரிமையாளர் வீட்டுக்குப் போனாலும் வலை சாவதில்லை. கடைசிக் கணினி இருக்கும்வரை அது உயிரோடிருக்கும். பிற்காலத்தில் வந்த பல முறைகளில் இந்தச் சிறப்பு இவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை.

கடிகாரப் பிரச்சினையும் இதே முறையில் தீர்க்கப்பட்டது. ஒவ்வொரு கணினியிலும் மைக்ரோ நொடிகளை எண்ணும் 64 பிட் எண்ணி உண்டு. பீக்கனில் வரும் நேரம் தன்னுடையதைவிட முந்தியிருந்தால், கணினி தன் எண்ணியை அதற்கு ஏற்றாற்போல் முன்னே தள்ளிக்கொள்கிறது. பிந்தியிருந்தால் சட்டை செய்வதில்லை. கூட்டத்தில் வேகமாக ஓடும் கடிகாரம் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும். நாலைந்து பேர் இருக்கும் வலையில் இது நன்றாகவே வேலை செய்யும். கூட்டம் பெருத்தால் வேகமான கடிகாரம் உள்ள கணினிக்கு அறிவிப்பு அனுப்பும் முறை எப்போதாவதுதான் கிட்டும், மற்றவர்கள் பின்தங்கிப்போவார்கள்.

ஒரே பெயரில் இரு வேறு மூலைகளில் தனித்தனியாகப் பிறந்த இரண்டு வலைகள் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கும் விதி இருக்கிறது. நேரம் பிந்தியிருக்கும் வலையினர் தங்கள் எண்ணைக் கைவிட்டு, முந்தியிருக்கும் வலையின் எண்ணை ஏற்கவேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கும் இந்த விதியைப் பல வைஃபை அட்டைகளின் மென்பொருள் ஒழுங்காகப் பின்பற்றவில்லை. ஒரே பெயர் தெரியும், ஆனால் இந்தப் பக்கத்துக் கணினிகள் அந்தப் பக்கத்தைப் பார்க்காது. பெர்லினில் வீட்டுக் கூரைகளின் மேல் ஆன்டெனாக்கள் வைத்து நகர் முழுக்க இலவச வலை அமைத்த ஃப்ரைஃபுங்க் குழுவினர் இதற்கு நல்ல வைத்தியம் கண்டார்கள். தற்செயல் எண்ணே வேண்டாம் என்று எல்லாக் கருவிகளிலும் ஒரே எண்ணைக் கையால் எழுதி வைத்தார்கள். பதினாறடிமான எழுத்துகளில் ‘காஃபி’ என்று படிக்கும்படி அந்த எண் அமைந்திருந்தது, பொறியாளர்களின் குறும்புக்கு ஒரு சான்று.

சேர்ந்தாயிற்று, இனி பேசவேண்டும். ஒரே சேனலில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் கெட்டுவிடும். கம்பியில் என்றால் மோதல் நடந்ததை அனுப்புபவரே கண்டுபிடிக்கலாம். ரேடியோவில் அது முடியாது. தான் அனுப்பும் அலையின் உரத்தில் மற்றவரின் மெல்லிய அலை காதில் விழாது. எனவே பேசுமுன் காது கொடுத்துக் கேட்பது, காற்று அமைதியாக இருந்தாலும் ஒரு தற்செயலான நேரம் பொறுப்பது, அனுப்பியபின் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருப்பது, பதில் வராவிட்டால் இன்னும் அதிக நேரம் பொறுத்து மறுபடி அனுப்புவது என்பதுதான் வைஃபையின் ஒழுங்கு. ரௌட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் மாற்றமில்லை.

ஆனால் நேரடி வலையில் ஒரு சிக்கல் கூடுதலாகத் தலைகாட்டும். நீண்ட தாழ்வாரத்தின் இரு கோடிகளில் இரண்டு கணினிகளும் நடுவில் ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். கோடிகளில் இருப்பவற்றில் ஒன்றின் அலை மற்றதற்கு எட்டாது. இரண்டும் காற்று காலியாக இருப்பதாக நினைத்து ஒரே நேரத்தில் நடுக் கணினிக்கு அனுப்பினால், அங்கே இரண்டும் மோதிக்கொள்ளும். அனுப்புமுன் ‘அனுப்பலாமா?’ என்று சின்னதாகக் கேட்டு, நடுக் கணினி ‘அனுப்பு’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னபின் தொடங்குவது இதற்கான மருந்து. பெரிய பொதிகளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவார்கள். சிறியவற்றுக்குக் கேட்கும் நேரமே அனுப்பும் நேரத்தைவிட அதிகமாகிவிடும்.

அதே தாழ்வாரத்தில் பலர் எதிர்பாராத இன்னொரு விஷயமும் இருக்கிறது. நடுக் கணினிக்கு இரு கோடிகளும் தெளிவாகக் கேட்கின்றன என்பதால், ஒரு கோடியின் செய்தியை அது மறு கோடிக்குக் கொண்டுசேர்க்கும் என்று தோன்றும். சேர்க்காது. அட்-ஹாக் என்பது காதுக்கெட்டும் தூரத்துக்குள் பேசும் ஏற்பாடு மட்டுமே. வீட்டுச் சுவர்களுக்கு நடுவே அது பெரும்பாலும் 30 மீட்டர் அளவு. கைமாற்றிக் கொண்டுசேர்க்க வேண்டுமானால், யார் வழியாக யாரை அடையலாம் என்று கணக்கிடும் வழிகாட்டு மென்பொருள் தனியாக வேண்டும். 2003ல் வெளியான ஓ.எல்.எஸ்.ஆர். நெறிமுறை அந்த வகை. ஃப்ரைஃபுங்க் சமூகத்தில் பிறந்த பேட்மேன் நெறிமுறை 2011ல் லினக்ஸ் கருவுக்குள்ளேயே இடம்பிடித்தது. வளரும் நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவான ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தின் எக்ஸ்.ஓ. கணினிகளும் 2007லேயே ஒன்றின் செய்தியை மற்றொன்று கைமாற்றும் வலைப்பின்னலோடு வந்தன. ஆனால் ஒரே ரேடியோவால் கேட்டு, அதே ரேடியோவால் மறுபடி அனுப்புவதால், ஒவ்வொரு கைமாற்றத்திலும் வேகம் குறைந்துகொண்டே போகும்.

முகவரிக்கு வருவோம். வைஃபை இணைப்பு கிடைத்துவிட்டாலும், ஐ.பி. முகவரி இல்லாமல் கோப்புப் பகிர்வோ விளையாட்டோ நடக்காது. ரௌட்டர் இல்லாத இடத்தில் முகவரி கொடுப்பவரும் இல்லை. கணினி கொஞ்ச நேரம் ‘எனக்கு முகவரி தருபவர் உண்டா?’ என்று கேட்டுப் பார்க்கும். பதில் வராதபோது தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதற்கென்றே 169.254 என்று தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையில் 65,024 முகவரிகளில் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து, ‘இது யாரிடமாவது இருக்கிறதா?’ என்று மூன்று முறை விசாரித்து, எதிர்ப்பு வராவிட்டால் வைத்துக்கொள்ளும். வந்தால் வேறொன்றை முயலும். வீட்டு வைஃபையில் கோளாறு ஏற்படும்போது திரையில் தெரியும் 169.254 எண்ணைப் பலர் பிழையின் அடையாளமாகவே அறிவார்கள். நேரடி வலையில் அதுதான் நியாயமான முகவரி.

எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும் தொல்லைக்கும் வழி உண்டு. ஒவ்வொரு கணினியும் தன் பெயரைத் தானே பொறுப்பேற்று, யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நேராகப் பதில் சொல்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2002ல் அறிமுகப்படுத்திய இந்த ஏற்பாடு, இன்று போன்ஜோர் என்ற பெயரில் பிரின்டர்களிலும் தொலைக்காட்சிகளிலும்கூட இருக்கிறது.

அட்-ஹாக் முறை சறுக்கிய இடம் பாதுகாப்பு. 1997ன் தரநிலையோடு வந்த பூட்டு வெப் எனப்படும் மறையாக்கம். 2001ல் ஃப்ளூரர், மேன்டின், ஷமீர் ஆகிய மூவர் அதன் அடிப்படைப் பலவீனத்தை வெளிப்படுத்தினார்கள். போதுமான பொதிகளைச் சேகரித்தால் சாவியைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம் என்று ஆயிற்று. ரௌட்டர் உள்ள வலைகள் புதிய பூட்டுகளுக்கு மாறின. அட்-ஹாக் வலைகளோ பெரும்பாலும் பழைய பூட்டோடே நின்றன. காரணம் கணக்கில் இருக்கிறது. நவீன வைஃபையில் ஒவ்வொரு கருவியும் ரௌட்டரோடு தனிச் சாவி பேசிக்கொள்கிறது; 10 கருவிகள் என்றால் 10 பேச்சுவார்த்தைகள். நடுவர் இல்லாவிட்டால் ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியாகப் பேசவேண்டும். 10 கருவிகளுக்கு 45 ஜோடிகள், 20 கருவிகளுக்கு 190. செய்ய முடியாத காரியமல்ல, விதியும் உண்டு. உற்பத்தியாளர்கள்தான் அக்கறை காட்டவில்லை.

அந்த அலட்சியம் வேகத்தையும் பாதித்தது. பின்னர் வந்த 802.11என் தரநிலை, வெப் பூட்டைப் பயன்படுத்தினால் தன் உயர்வேகங்களைத் தருவதில்லை என்று நிபந்தனை போட்டது. ஆகவே பழைய பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நேரடி வலைகள் 54 மெகாபிட்டைத் தாண்டவில்லை, பல அட்டைகளில் 11 மெகாபிட்டோடு சரி. தூக்கமும் ஒரு பிரச்சினை. செய்தியை வாங்கிவைக்க யாரும் இல்லாததால், எல்லாக் கருவிகளும் ஒவ்வொரு பீக்கன் நேரத்திலும் விழித்து, தங்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கவேண்டும் என்பது விதி. செல்பேசியின் பேட்டரிக்கு இது ஒத்துவராது. ஆண்ட்ராய்டு செல்பேசிகள் தொடக்கத்திலிருந்தே அட்-ஹாக் வலைகளைப் பட்டியலில்கூடக் காட்டவில்லை. கணினி அமைத்த வலையைச் செல்பேசி பார்க்காது என்றானபின், அதைப் பயன்படுத்த ஆள் குறைந்தது.

அட்-ஹாக்கின் பெயர் கெட்டதற்கு விண்டோஸ் எக்ஸ்பியும் ஒரு காரணம். 2000களின் நடுவில் உலகின் பல விமான நிலையங்களில் ‘ஃப்ரீ பப்ளிக் வைஃபை’ என்றொரு வலை தெரியும். ஆவலோடு இணைந்தால் இணையம் வராது. தாக்குதல்காரர் யாரோ வைத்த பொறி என்று பலர் பயந்தார்கள். உண்மையில் அது யாரும் வைத்ததல்ல. எக்ஸ்பி, பழகிய வலை எதுவும் கிடைக்காதபோது, முன்பு இணைந்த அட்-ஹாக் வலையின் பெயரில் தானே ஒரு வலையைத் தொடங்கும் பழக்கம் கொண்டிருந்தது. ஒருவர் இணைந்து பார்த்து ஏமாந்தால், அந்தப் பெயர் அவர் கணினியில் தங்கிவிடும். அடுத்த ஊரின் விமான நிலையத்தில் அவர் மடிக்கணினியைத் திறந்ததும் அதே பெயரை அது ஒலிபரப்பும், பக்கத்திலிருப்பவர் இணைவார். வைரஸே இல்லாமல் வைரஸ்போல் பரவிய இந்தப் பெயர், 2008ல் வந்த மூன்றாம் சர்வீஸ் பேக்குக்குப் பிறகுதான் அடங்கத் தொடங்கியது.

அட்-ஹாக் ஒன்றில் மட்டும் மெச்சத்தக்க வெற்றி கண்டது: கையடக்க விளையாட்டுக் கருவிகளில். 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான சோனி பி.எஸ்.பி. கருவியில் அட்-ஹாக் முறைக்கென்றே ஒரு தேர்வு இருந்தது. சேனல் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றைப் பிடித்துப் பக்கத்திலிருப்பவர்களோடு விளையாடலாம். ரயிலிலும் பள்ளி வாசலிலும் உட்கார்ந்து கூட்டாக விளையாடுவோருக்கு இணையம் எதற்கு?

கணினிகளுக்கு வேறு விடை வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரன்வீர் சந்திராவும் உடன் பணியாற்றியவர்களும் 2004ல் ஓர் ஆய்வுக்கட்டுரையில், ஒரே வைஃபை அட்டையை நேரத்தைக் கூறுபோட்டுப் பல வலைகளில் இருக்கவைக்க முடியும் என்று காட்டினார்கள். ஒரு ரேடியோ, ஆனால் இயங்குதளத்தின் கண்ணுக்கு இரண்டு அட்டைகள். இந்தச் சிந்தனை 2009ல் வெளியான விண்டோஸ் 7ல் இடம்பெற்றது. இதன்படி கணினி ரௌட்டர் வேடம் போடலாம்: பீக்கனைத் தான் மட்டுமே அனுப்பும், முகவரி கொடுக்கும், நவீனப் பூட்டுப் போடும், அதே நேரத்தில் இன்னொரு வைஃபையோடும் இணைந்திருக்கும். வந்து சேரும் செல்பேசிக்கு அது சாதாரண ரௌட்டராகவே தெரியும். சம அந்தஸ்துக் கொள்கை போய், ஒருவர் நடுவராவது என்ற ஏற்பாடு வந்துவிட்டது.

வைஃபை கூட்டமைப்பு 2010 அக்டோபரில் சான்றளிக்கத் தொடங்கிய வைஃபை டைரக்ட் இதையே ஒரு தேர்தலாக மாற்றியது. இரண்டு கருவிகள் 1, 6, 11 சேனல்களில் ஒன்றையொன்று தேடிக் கண்டபின், யார் தலைவர் என்று பேசுகின்றன. ஒவ்வொன்றும் தலைமைக்குத் தனக்குள்ள விருப்பத்தை 0 முதல் 15 வரை ஒரு எண்ணாகச் சொல்லும். அதிக எண் சொன்னது தலைவர். 15 என்றால் ‘நான்தான், வேறு பேச்சில்லை’ என்று பொருள். இருவரும் 15 சொன்னால் பேச்சு முறிந்துவிடும். மற்ற எண்களில் சமன் வந்தால் ஒரு பிட் அதைத் தீர்த்துவைக்கும். மின்சாரத்தில் ஓடும் பிரின்டர் பெரிய எண் சொல்வதும் பேட்டரியில் ஓடும் செல்பேசி சிறிய எண் சொல்வதும் இயல்பு. தலைவரானது ரௌட்டர் வேலைகளை எல்லாம் ஏற்கிறது. ஆண்ட்ராய்டு 4.0, கம்பியில்லாமல் திரையைத் தொலைக்காட்சியில் காட்டும் மிராகாஸ்ட் இரண்டும் இதை எடுத்துக்கொண்டன. ஆப்பிளின் ஏர்டிராப் 2011ல் தனக்கென ஒரு நேரடி வைஃபை முறையோடு வந்தது. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குக் கொடுத்த விலை, தலைவர் எழுந்து போனால் குழு கலைந்துவிடும் என்பது.

இன்று கணினியில் நேரடி வலை அமைப்பது என்றால் பெரும்பாலும் இந்த ரௌட்டர் வேடத்தைப் போடுவதுதான். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அமைப்புகளுக்குள் நெட்வொர்க் பகுதியில் மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற பொத்தான் இருக்கிறது. பெயரையும் குறைந்தது 8 எழுத்துள்ள கடவுச்சொல்லையும் கொடுத்து இயக்கினால் 8 கருவிகள் வரை சேரலாம். கணினி தனக்கு 192.168.137.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு அதே வரிசையில் முகவரி தரும். இதில் ஒரு வேடிக்கை: கணினிக்கு ஏற்கெனவே ஏதாவது ஓர் இணைப்பு இல்லையென்றால் இந்தப் பொத்தான் இயங்க மறுக்கும். இணையமே இல்லாத இடத்துக்கு வலை அமைக்க வந்தவருக்கு இது பெரிய இடைஞ்சல். விண்டோஸ் 7 காலத்து நெட்ஷ் கட்டளைக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆனால் புதிய வைஃபை அட்டைகள் பலவற்றின் டிரைவர்கள் அந்தக் கட்டளைக்குரிய வசதியைக் கைவிட்டுவிட்டன. டிரைவர் விவரத்தைக் கட்டளைச் சாளரத்தில் கேட்டால், ‘ஹோஸ்டட் நெட்வொர்க்’ என்ற வரியில் ஆம், இல்லை என்று பதில் கிடைக்கும். முயலுமுன் அதைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். கைவசம் ஆண்ட்ராய்டு செல்பேசி இருந்தால் அதன் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, டேட்டாவை அணைத்துவிட்டு, கணினிகளை அதில் இணைப்பது இன்னும் சுலபம்.

லினக்ஸில் கதவுகள் அதிகம் திறந்திருக்கின்றன. நெட்வொர்க்மேனேஜர் வழியாக ஹாட்ஸ்பாட் போட்டால் கணினி 10.42.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும். அசல் அட்-ஹாக்கே வேண்டுமென்றாலும், அட்டை இடம்கொடுத்தால், ரேடியோவை அந்த முறைக்கு மாற்றி, வலையின் பெயரையும் 2412 என்ற அலைவெண்ணையும் கொடுத்துச் சேர்ந்துவிடலாம். முகவரிகளைக் கையால் போடவேண்டும். இரண்டு கணினிகளில் முதல் மூன்று எண்கள் ஒன்றாகவும் கடைசி எண் வேறாகவும் இருக்கவேண்டும் என்பதை மறந்தால் எதுவும் நடக்காது.

வலை அமைந்தபின்னும் கோப்பு போகவில்லை என்றால், பெரும்பாலும் குற்றவாளி ரேடியோ அல்ல, ஃபயர்வால். விண்டோஸ் தான் அறியாத வலையைப் பொதுவிடமாகக் கருதிப் பகிர்வை அடைத்துவிடும். அந்த வலையைத் தனிப்பட்டது என்று மாற்றினால் போதும், ஃபயர்வாலையே அணைக்கத் தேவையில்லை. விண்டோஸ் பகிர்வோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள், கோப்பு இருக்கும் அடைவில் பைத்தானின் ஒற்றை வரி இணையச் சேவையை ஓடவிடுவதுண்டு. மறுபக்கம் எந்தச் செல்பேசியின் பிரவுசரிலும் கணினியின் முகவரியையும் 8000 என்ற போர்ட் எண்ணையும் அடித்தால் கோப்புப் பட்டியல் வந்துவிடும்.

எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதைத் திருமண வீடியோ ஒன்றை வைத்துக் கணக்கிடலாம். 20 ஜிகாபைட் என்பது 1,60,000 மெகாபிட். பெயரளவில் 11 மெகாபிட் வலையில் உண்மையில் கிடைப்பது நொடிக்கு 5 மெகாபிட் என்று கொண்டால், ஏறக்குறைய 9 மணி நேரம். 54 மெகாபிட் வலையில் உண்மை வேகம் 20 என்றால் 2 மணி நேரத்துக்கு மேல். இன்றைய 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒரே அறைக்குள் 400 மெகாபிட் கிடைத்தால் 7 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்; சாதாரணப் பென்டிரைவில் ஏற்றி இறக்குவதைவிட இது வேகம். ஆனால் கணினி அதே ரேடியோவில் வேறு சேனலிலுள்ள வீட்டு வைஃபையோடும் ஒட்டிக்கொண்டிருந்தால், நேரம் இரண்டு வலைகளுக்கும் பங்குபோய் வேகம் சரியும். பெரிய கோப்பு அனுப்பும்போது அந்த இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

வேலை முடிந்தபின் ஹாட்ஸ்பாட்டை அணைப்பதோடு, வந்து சேர்ந்த கருவிகளிலும் அந்த வலையின் பெயரை மறக்கச் செய்வது நல்லது. சேமித்த பெயரும் கடவுச்சொல்லும் ஒத்துப்போகும் எந்த வலையிலும் கருவி கேட்காமலே இணைந்துவிடும். எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல் வைத்திருந்தால் அது யாருடைய வலை என்பதைக் கருவியால் சொல்ல முடியாது.